செம்மேனியும் நீலமிடறும்: தொடக்ககால வண்ணத் தமிழ்த் திரைப்படங்களில் நிறம் உணர்த்திய பொருள் பற்றித் திருக்கேதீச்சரத்திலிருந்து ஒரு நோக்கு

தமிழ்த் திரைப்படம் பற்றிய ஆய்வுகள் இதுகாறும் கதை, உரையாடல், பாடல், அரசியற் செல்வாக்கு என்பவற்றையே பெரிதும் பொருளாகக் கொண்டுள்ளன. கண்ணாற் காணும் கலையொன்றை அறிஞர்கள் பெரும்பாலும் காதால் ஆராய்ந்துள்ளனர் என்று கூறினும் தவறாகாது. கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்குத் தமிழ்ப்படம் மாறிய 1952 முதல் 1965 வரையான காலப்பகுதியில் நிறம் எதனை உணர்த்துவதற்குப் பயன்பட்டது என்னும் வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே. அவ்வினாவை எழுப்புவதும், அதற்கு விடைகாண உதவும் சான்றுகள் எந்நிலையிலுள்ளன என்று நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்கேதீச்சரத்துக்கும் இவ்வினாவுக்கும் உள்ள தொடர்பு யாதென வாசகர் வினவலாம். இத்தலம் அழிந்து மீண்ட தலம். சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய மாதோட்டக் கோயில் பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் இருப்பிடமே காடு மூடி மறைந்தது. 1872இல் ஆறுமுக நாவலர் அதன் புனருத்தாரணத்தை வேண்டிக் குரலெழுப்பினார். 1894இல் அவ்விடத்தை அகழ்ந்தபோது பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. 1948இல் சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்று தொடக்கிய திருப்பணிச் சபை கோயிலை மீண்டும் பெருங்கோயிலாக்க முற்பட்டது. அழிந்த ஒன்றை எச்சான்றைக் கொண்டு மீட்பது, மீட்டது பழையதுதானா என்னும் வினாக்கள் இம்மண்ணில் வாழ்வோர்க்குப் புதியன அல்ல. தொடக்ககால வண்ணப் படங்களை ஆராய முற்படும்போதும் இதே வினாக்களே எம்முன் வந்து நிற்கின்றன. இது பின்னர் விளக்கப்படும்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். இந்தியாவில் 1937ஆம் ஆண்டிலேயே 'கிசான் கன்யா' என்னும் இந்திப்படம் உள்நாட்டில் வண்ணத்தில் எடுக்கப்பட்டதாயினும் அம்முயற்சி தொடரவில்லை. 1952இல் மெகபூப்கானின் 'ஆன்', 1953இல் சொராப் மோடியின் 'ஜான்சி கி ராணி' என்பன டெக்னிக்கலரில் வெளிவந்தன. தமிழில் எல். வி. பிரசாத்தின் 'கல்யாணம் பண்ணிப்பார்' (1952) படத்தில் ஒரு பகுதியும், 'குலேபகாவலி' (1955), 'அம்பிகாபதி' (1957) ஆகியவற்றிற் சில பகுதிகளும் கேவாகலரில் அமைந்தன. முழுநீள வண்ணப்படமாக முதலில் வந்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் தயாரித்து இயக்கிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஆகும். அது 1956ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளியாயிற்று. பின்னர் பி. ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'கர்ணன்' (1964), ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964), ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) என்பன தொடர்ந்தன.

கேவாகலர் பெல்ஜியம் நாட்டுக் கேவர்ட் நிறுவனத்தாரின் படச்சுருள். ஈஸ்ட்மன் கலர் அமெரிக்கக் கோடக் நிறுவனத்தாருடையது. இவ்விரண்டும் சாதாரணப் படப்பெட்டியிலேயே ஏற்றிப் படம் பிடிக்கத்தக்கவை. டெக்னிக்கலர் அத்தகையதன்று. மூன்று படச்சுருள்கள் ஒருசேர ஓடும் தனிப்பெட்டியும், சாயத்தை அச்சிடுவதுபோலப் படியெடுக்கும் முறையும் அதற்கு வேண்டியிருந்தன. எனினும் பிற சுருளிற் பிடித்த படத்தையும் டெக்னிக்கலர் முறையிற் படியெடுக்க இயலும். 'கட்டபொம்மன்' அவ்வாறே கேவாகலரிற் பிடிக்கப்பட்டு லண்டனில் டெக்னிக்கலராகப் படியெடுக்கப்பட்டது. வண்ணச்சுருளுக்கு ஒளி மிகுதியாக வேண்டும். 1950இல் வந்த முதல் ஈஸ்ட்மன் கலர் சுருளின் ஒளியுணர்திறன் 16 மட்டுமே; 1959இலேயே அது 50 ஆக உயர்ந்தது. எனவே அக்காலப் படப்பிடிப்புத் தளத்தில் வெளிச்சமும் வெப்பமும் தாங்கொணாதனவாக இருந்தன. நிழலை நம்பிக் காட்சியமைத்த கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவாளனின் கலை வண்ணத்தில் முதலிற் பின்னடைந்தமைக்கு இதுவே தலையாய காரணம். தொடக்ககால வண்ணப்படங்கள் எங்கும் ஒரே சீராக வெளிச்சம் பரவிய, தட்டையான தோற்றமுடையன என்று குறைகூறுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நிறத்தைக் குறிப்புப்பொருள் தருவதாக ஆளுதல் என்றால் என்ன? மேலைநாட்டு ஆய்வாளர் இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தவறாது கூறுவர். ஒன்று, ரூபன் மமூலியன் இயக்கி 1935இல் வெளிவந்த 'பெக்கி ஷார்ப்'. வாட்டர்லூப் போரின் முன்னிரவில் நடைபெறும் நடனவிருந்திலே பீரங்கியொலி கேட்டு விருந்தினர் கலைந்தோடுகின்றனர். குளிர்ந்த நிறங்களில் உடையணிந்தோர் முன்னே மறைய, வெம்மையான நிறங்கள் பின்னே வர, செந்நிறச் சீருடை அணிந்த படைத்தலைவர்கள் இறுதியில் ஓடுகின்றனர். போருக்கு முதலில் விரையவேண்டியவர்கள் இறுதியில் வருவது நடப்புக்குப் பொருந்தாது. உணர்ச்சி ஏறுவதற்கேற்ப நிறம் ஏறவேண்டும் என்பதற்காகவே இயக்குநர் அவ்வாறமைத்தார். மற்றொன்று ஐசன்ஸ்டைனின் 'பயங்கர இவான்' இரண்டாம் பாகம். 1958இலேயே திரைக்கு வந்த அப்படம் கறுப்பு வெள்ளையிற் சென்றுகொண்டிருக்கையில் விருந்துக் காட்சி சிவப்பும் பொன்னும் கறுப்புமாக வெடிக்கின்றது. இவ்விரண்டிலும் நிறம் காலத்தோடு நகர்கிறது. உள்ளத்தின் அசைவுக்கேற்ப மாறுகிறது. நிறம் மாறாவிடின் அது வெறும் அலங்காரமே என்பது இக்கொள்கையினரின் துணிபு.

இவ்வளவுகோலை அப்படியே எடுத்துத் தமிழ்ப்படங்களை அளப்பின் அவை பெரும்பாலும் தேறமாட்டா. 'இவற்றில் நிறம் உண்டு, நிறத்தின் பயன் இல்லை' என்றே முடிவுகட்ட நேரும். அம்முடிவு அவசரமானது என்பது எமது கருத்து. திரைக்கு வண்ணம் வருமுன்னரே தமிழ்ப் பார்வையாளனிடம் நிறத்தை வாசிக்கும் பயிற்சி ஒன்றிருந்தது. அது கோயிலிலும் கூத்துக்களரியிலும் பெற்ற பயிற்சி.

சைவத் திருமுறைகளில் நிறம் இறைவனின் பெயராகவே வழங்குகின்றது. செம்மேனியன், வெண்ணீற்றன், நீலகண்டன் என்பன அடைமொழிகள் அல்ல, பெயர்கள். மாதொருபாகன் திருவுருவில் ஒருபால் செம்மையும் ஒருபால் பசுமையும் நிற்கின்றன. அச்செம்மையை யாரும் சினம் என்றோ அப்பசுமையை அமைதி என்றோ பொருள்கொள்வதில்லை. இங்கு நிறம் மனநிலையைச் சுட்டாது தன்மையைச் சுட்டுகிறது. வந்துபோகும் உணர்ச்சியன்றி இருப்பே அதன் பொருள். மிடற்றின் நீலமோ ஒரு வரலாற்றையும் தாங்கியுள்ளது. நஞ்சுண்ட கதையை அறியாதானுக்கு அந்நீலம் வெறும் நிறம். அறிந்தானுக்கு அது ஓர் அருட்செயலின் தழும்பு.

கூத்தும் இதனையே செய்தது. கேரளத்துக் கதகளியிற் பச்சைமுகம் உயர்ந்தோனையும் செந்தாடி கொடியோனையும் குறிப்பது யாவரும் அறிந்தது. மன்னார்ப் பகுதியில் மாதோட்டப்பாங்கு, யாழ்ப்பாணப்பாங்கு என இருவகையாக வழங்கும் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளிலும் அரசனும் மந்திரியும் சேவகனும் உடையாலும் முடியாலுமே முதலில் இனங்காணப்படுகின்றனர். பாட்டு அதன் பின்னரே அவர்களை அறிமுகஞ் செய்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த 'மூவிராசாக்கள் நாடகம்' (1966), 'ஞானசவுந்தரி நாடகம்' (1967) ஆகிய மன்னார் நாடகங்களை ஏட்டில் மட்டும் வாசிப்போர் இவ்வண்ணப்பகுதியை இழந்துவிடுகின்றனர். ஆட்டத்தின் உடைநிறங்களைப் பனுவலோடு சேர்த்துப் பதிவுசெய்யும் வழக்கம் எம்மிடையே வேரூன்றாமை வருந்தத்தக்கதே.

இப்பின்னணியில் முன்கூறிய படங்களை மீண்டும் நோக்குவோம். 'அலிபாபா' பற்றி அதிகம் கூறுவதற்கில்லை. அங்கே வண்ணம் பொருட்காட்சியின் வண்ணம். வண்ணத்துக்காகவே அரபுக்கதை தேர்ந்தெடுக்கப்பட்டது போலும் என எண்ண இடமுண்டு. எம். ஜி. இராமச்சந்திரன் இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958) வேறுவகையில் எமது கவனத்துக்குரியது. கறுப்பு வெள்ளையிற் செல்லும் அப்படம் பிற்பகுதியில் வண்ணத்துக்கு மாறுகிறது. மாற்றத்தின் காரணம் பெரும்பாலும் பொருளியல் சார்ந்ததே. வண்ணச்சுருள் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கவேண்டிய பண்டமாதலின், தயாரிப்பாளர் பலர் ஓரிரு பகுதிகளோடு நின்றனர். ஆயின் காரணம் எதுவாயினும் விளைவு அதுவேயன்று. வண்ணம் தொடங்குமிடத்திற் பார்வையாளன் தான் மற்றோர் உலகுக்குள் நுழைந்ததாகவே கொள்கிறான். சிக்கனத்தாற் பிறந்த எல்லைக்கோடு பொருளுடைய எல்லைக்கோடாகிவிடுகிறது. ஐசன்ஸ்டைனுக்கும் போரிற் கைப்பற்றிய ஜெர்மானிய வண்ணச்சுருள் ஓரளவே கிடைத்தது என்பதை இவ்விடத்து ஒப்புநோக்கலாம்.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் நிறத்துக்கு முதன்முறையாக அரசியற்பொருள் கிடைக்கின்றது. கும்பினிப் படையின் செந்நிறச் சட்டை வரலாற்று உண்மை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது சாம்பல்நிறமாகிக் கூட்டத்தோடு கலந்துவிடும். வண்ணத்திலோ அது போர்க்களத்தில் எங்கு நின்றாலும் அயல்நிறமாகக் கண்ணை உறுத்தும். பாளையக்காரர் பக்கம் பலநிறங்கள் கலந்து நிற்க, எதிர்ப்பக்கம் ஒரே நிறம் அணிவகுத்து வருகிறது. சீருடை என்பதன் பொருளே அங்கு கண்முன் விளங்குகின்றது: ஒருபுறம் குடிகளும் குலங்களும், மறுபுறம் ஒரு கும்பினி. டபிள்யூ. ஆர். சுப்பாராவின் ஒளிப்பதிவில் இவ்வேறுபாடு திட்டமிட்டு ஆளப்பட்டதா, உடையின் இயல்பால் தானே விளைந்ததா என்று வாதிடுவது பயனற்றது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆபிரிக்கப் படவிழாவிற் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்ததை எழுதுவோர், மொழியறியாத அவையினர் முன் படத்தின் நிறங்களும் பேசியிருக்கும் என்பதை எழுதுவதில்லை.

'கர்ணன்' எமது கருத்துக்கு இன்னும் நெருங்கிய சான்று. என். டி. ராமராவ் ஏற்ற கண்ணன் வேடத்தின் நீலச்சாயல் தன்மையைச் சுட்டும் பழைய மரபு நிறம். கர்ணனுக்கு உரியது கதிரவனின் பொன்னொளி. அது கவசகுண்டலமாக உடலோடு பிறந்தது. கவசத்தை அவன் தானமாக ஈந்தபின் அப்பொன்னும் அவனைவிட்டு நீங்குகிறது. ஈண்டு நிறம் மரபினின்றும் வந்ததேயாயினும் மாறவுஞ் செய்கிறது, இழப்பை உணர்த்துகிறது. வில்லிபுத்தூரார் மரபைத் தழுவிய இறுதிக் காட்சியில் வீழ்ந்துகிடக்கும் கொடையாளி தன் புண்ணியத்தையே தாரைவார்க்கையில் நீரின் இடத்தைக் குருதி பெறுகிறது. பொன்னாய் இருந்தவனிடம் எஞ்சியது செந்நிறம் ஒன்றே. மமூலியன் பலர் உடைகளைக் கொண்டு செய்ததைப் பந்துலு ஓருடலைக் கொண்டு செய்தார் எனலாம்.

அதே 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' இவ்வாராய்ச்சியில் ஒரு விதிவிலக்கு. புராணமோ வரலாறோ அல்லாத நகைச்சுவைக் கதையை முழுவண்ணத்தில் எடுக்கலாம் என்று ஸ்ரீதரும் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்டும் துணிந்தனர். ஆழியாற்றங்கரையின் பசுமையும் இளைஞரின் உடைகளும் எவ்விதக் குறியீடுமின்றி நிகழ்காலம் என்பதையே உணர்த்தின. மரபுநிறத்திலிருந்து தமிழ்ப்படம் விடுபட்ட இடம் இதுவே. பின்னாளைய வண்ணப்படங்கள் பெரும்பாலும் இவ்வழியிற் சென்றன.

'திருவிளையாடல்' படத்தைப் பக்திப்படம் என்ற அளவில் ஒதுக்குவாருளர். கே. எஸ். பிரசாத்தின் ஒளிப்பதிவில் ஈஸ்ட்மன் கலரில் வெளிவந்த இப்படம், பரஞ்சோதி முனிவரின் அறுபத்துநான்கு படலங்களில் தருமிக்குப் பொற்கிழி அளித்தது, வலைவீசினது, விறகு விற்றது ஆகிய மூன்றையும் அவற்றோடு தக்கன் வேள்விக் கதையையும் எடுத்துக்கொண்டது. மூன்று படலங்களிலும் இறைவன் வேடம் பூண்டு வருகிறான். வேடம் பூணுதல் என்றால் வண்ணப்படத்தில் யாது பொருள்? தன் நிறங்களைக் களைந்துவருதல். பிறையும் நீறும் நீலமிடறும் மறைந்து, விறகுசுமக்கும் கந்தலாடையனாக அவன் தெருவில் அமர்கையில், கயிலைக் காட்சியின் பொன்னும் மணியும் கண்டு வந்த பார்வையாளன் அந்நிறவறுமையையே எளிவந்த தன்மையாக உணர்கிறான். திண்ணையிலமர்ந்து அவன் பாட, உலகின் அசைவெல்லாம் நின்றுவிடும் அப்புகழ்பெற்ற காட்சியில் ஒருவனே பலராகி இசைக்கருவிகள் ஏந்துவது ஒளிப்பதிவுத் தந்திரம். அதன் வலிமையோ அதற்கு முன்னிருந்த எளிமையிலேயே தங்கியுள்ளது. கறுப்பு வெள்ளையில் இவ்வேற்றமையைக் காட்டமுடியாதென்பதன்று. ஆயின் நிறமே பெயராக வழங்கும் கடவுளுக்கு நிறத்தை நீக்கிக் காட்டுவது வண்ணப்படத்தில் மட்டுமே கூடுவதொன்று. மன்னார்க் கரையில் வாழும் எம்மவர்க்கு வலைவீசின படலம் அயலான கதையுமன்று. உப்புக்காற்றில் வெளிறிய துணியின் நிறம் எதுவென்று அவர்கள் அறிவர். திரையின் செம்படவரோ புதுத்துணியின் பளபளப்போடு வந்தனர். இப்படத்திற் குறைகாண வேண்டின் அவ்விடத்திலேயே காணலாம்.

ஈழத்தில் முதல் முழுநீள வண்ணப்படம் சிங்கள மொழியில் 1962இல் வெளிவந்த 'ரன்முத்து தூவ' ஆகும். மைக் வில்சன் இயக்கிய அப்படம் திருகோணமலைக் கடலிற் பெரிதும் எடுக்கப்பட்டது. ஆதர் சி. கிளாக்கின் தோழரான இவரே 1956இல் சுவாமிமலை அடிவாரத்துக் கடலில் கோணேசர் கோயிற் சிதைவுகளையும் சிவலிங்கத்தையும் கண்டெடுத்தவர். போர்த்துக்கேயரால் 1624இல் இடிக்கப்பட்ட கோணேச்சரத்தின் கடலடியே எமது நாட்டின் வண்ணத்திரைக்குத் தொட்டிலாயிற்று என்பது வியப்புக்குரிய பொருத்தம். நீருக்கடியில் நிறத்தை இயக்குநன் தெரிவுசெய்வதில்லை. ஆழம் செல்லச்செல்லச் செந்நிறம் முதலில் மறைய நீலமே எஞ்சுகிறது. உணர்ச்சிக்கேற்ற நிறமுமன்றி மரபுநிறமுமன்றி இயற்கை விதித்த நிறம் மூன்றாவதொரு வகையாக அங்கு அமைகின்றது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய சான்றுச் சிக்கலுக்கு வருவோம். மேலே நாம் கூறியவையெல்லாம் படங்களை இன்று கண்டு கூறியவை. இன்று காணும் நிறம் அன்றைய நிறம்தானா? ஈஸ்ட்மன் கலர் படிகளின் சாயங்கள் நிலையற்றவை. நீலப்பச்சைச் சாயம் விரைவில் வெளிறுவதாற் படம் முழுவதும் செம்மை பாய்ந்த ஊதாவாகிவிடுகிறது. வெப்பமும் ஈரமும் மிக்க எமது கரையோரங்களில் இக்கேடு மேலும் விரைவுபடும். 1980இல் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி இதனை எதிர்த்துக் கோடக் நிறுவனத்திடம் பலர் கையொப்பத்துடன் முறையிட்டார். கறுப்பு வெள்ளைப் படிகளுக்கு இந்நோய் இல்லை. டெக்னிக்கலர் சாய அச்சுப்படிகளும் பெரிதும் வெளிறுவதில்லை. ஆயின் அம்முறை 1970களில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கைவிடப்பட்டது. இதனால் ஒரு விந்தையான நிலை தோன்றியுள்ளது. 1959இன் 'கட்டபொம்மன்' படத்துக்கு அன்றைய டெக்னிக்கலர் படியொன்று கிடைப்பின் அதன் நிறத்தை ஏறத்தாழ நம்பலாம். அதனினும் இளைய 'திருவிளையாடல்' படத்தின் 1965ஆம் ஆண்டுப் படியை அவ்வாறு நம்பவியலாது.

புறச்சான்றுகள் உதவுமோ எனின், அவையும் ஐயத்துக்குரியனவே. சுவரொட்டிகளையும் பதாகைகளையும் வரைந்த ஓவியர்கள் கறுப்பு வெள்ளை நிழற்படங்களைப் பார்த்துத் தம் விருப்பப்படி நிறந்தீட்டியது அக்கால வழக்கம். படமாளிகை வாயிலில் விற்ற பாட்டுப்புத்தகங்களின் அட்டைகள் ஓரிரு மைகளில் மலிவாக அச்சானவை. அவை இறைவனுக்கும் கதாநாயகனுக்கும் எந்நிறம் வாங்குவோரை ஈர்க்கும் என்பதற்குச் சான்றாகலாம். திரையில் எந்நிறம் இருந்தது என்பதற்கு ஆகா.

2012இல் 'கர்ணன்' இலக்கமுறையிற் சீரமைக்கப்பெற்று மீண்டும் திரையிடப்பட்டது. 2015இல் 'கட்டபொம்மன்' அவ்வாறே வந்தது. மக்கள் திரண்டு கண்டனர், நாமும் மகிழ்ந்தோம். எனினும் சீரமைப்போன் வெளிறிய சட்டகத்தின் முன்னமர்ந்து ஒவ்வொரு நிறத்தையும் தானே முடிவுசெய்கிறான். கண்ணனின் நீலம் எவ்வளவு நீலம்? கும்பினிச் சட்டையின் சிவப்பு குருதிச் சிவப்பா காவிச் சிவப்பா? தெலுங்கு 'மாயாபஜார்' (1957) கறுப்பு வெள்ளையிலேயே எடுக்கப்பட்ட படம். 2010இல் அதற்குக் கணினியால் வண்ணமேற்றியபோது மார்க்கஸ் பார்ட்லியின் ஒளியும் நிழலும் எண்ணாத நிறங்கள் அங்கு குடியேறின.

இவ்விடத்தே கோயில் மரபை நினைவுகூர்தல் தகும். கோபுரத்துச் சுதைச்சிற்பங்களுக்குக் குடமுழுக்குத்தோறும் புதுவண்ணம் தீட்டுவர். பழைய நிறம் எதுவென யாரும் தேடுவதில்லை. புதுப்பித்தலே அங்கு வழிபாடு. திருக்கேதீச்சரத் திருப்பணியிலும் பதிகங்கள் தந்தவை பாலாவிக் கரையும் கடலும் சோலையுமே. கட்டடத்தின் அளவும் அமைப்பும் ஆகமத்தாலும் சிற்பநூலாலும் வந்தன. இந்திய அரசின் உதவியுடனும் மாமல்லபுரச் சிற்பக் கல்லூரியின் கைவண்மையுடனும் கருங்கற் பணிகள் நிறைவுற்று 2022 யூலையில் நிகழ்ந்த குடமுழுக்கு, இடிக்கப்பட்ட கோயிலின் படியன்று, அதன் தொடர்ச்சி. அதனை எவரும் போலி என்னார், ஏனெனில் அங்கு விதி உண்டு.

திரைப்படத்துக்கு இவ்விதியைப் பொருத்தலாமா? ஒரு பாதிக்குப் பொருத்தலாம். கண்ணனின் நீலமும் சிவனின் செம்மையும் மரபுநிறங்கள். சீரமைப்போன் தடுமாறினும் மரபு அவனை ஓரளவு காக்கும். ஆனால் கந்தலாடையின் பழுப்பும் திண்ணையின் மங்கலும் எம்மரபிலும் இல்லை. அவை ஒரு நாள், ஒரு தளத்தில், உடையமைத்தோனும் கலை இயக்குநனும் ஒளிப்பதிவாளனும் கூடிச் செய்த தெரிவுகள். அவற்றைச் சற்றுப் பளபளப்பாக்கினும் நிறத்தைக் களைந்துவந்த இறைவன் மீண்டும் நிறமணிந்துவிடுவான். காட்சியின் பொருளே தலைகீழாகும். இலக்கமுறையில் வண்ணத்தைக் கூட்டுவதே அழகு என்னும் எண்ணம் வலுத்துள்ள இந்நாளில் இவ்விடர் கற்பனையன்று.

உடன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. வெளிநாட்டுக் காப்பகங்களிலோ தனியாரிடமோ எஞ்சியிருக்கக்கூடிய டெக்னிக்கலர் படிகளைத் தேடல் வேண்டும். அவற்றின் சட்டகங்கள் சிலவற்றையேனும் சீரமைத்த படிகளோடு பக்கம் பக்கமாக வைத்து வெளியிடல் வேண்டும். உடையமைப்பாளர், ஒப்பனைக்காரர், தளவோவியர் ஆகியோரின் குடும்பங்களில் துணித்துண்டுகளோ வண்ணக்குறிப்புகளோ இருப்பின் அவையும் தொகுக்கப்படல் வேண்டும். அப்படங்களிற் பணியாற்றிய முதல் தலைமுறையினர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். 1894இல் அகழ்ந்தவர்களுக்கு மண்ணுக்குள் கல் கிடைத்தது. சாயமோ மண்ணுக்குள் இருப்பதன்று.